க்ராஸ் கன்ட்ரி மணிக்கணக்கு: எந்தப் பறப்பு எந்த ரேட்டிங்குக்குச் செல்லும்?

நீலவானம்:
வணக்கம். பிரைவேட் பைலட் சான்றிதழ் வந்துவிட்டது, அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதி). அமெரிக்காவில் பார்ட் 61 (எஃப்ஏஏ எனும் அமெரிக்க விமானத்துறை அமைப்பின் விமானிச் சான்றிதழ் விதிகள்) வழியில் பயிற்சி, தளம் சான் ஹோசேயில் உள்ள ரீட்-ஹில்வியூ, விமானம் செஸ்னா 172. ரேட்டிங்குக்கு 50 மணி நேரம் க்ராஸ் கன்ட்ரி (வேறோர் இடத்துக்குப் போகும் பறப்பு) பிஐசி (பைலட் இன் கமாண்ட், அதாவது பறப்பின் பொறுப்பு விமானி) கேட்கிறார்கள். லாக்புக்கில் அதற்கு ஒரே ஒரு பத்திதான் இருக்கிறது. அதில் எதை எழுதலாம் என்பதில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். குறிப்பாக இந்த நான்கும்:

ரீட்-ஹில்வியூ, சலினாஸ், கிங் சிட்டி, மறுபடி ரீட்-ஹில்வியூ. முதல் இரண்டு லெக்கும் (ஒரு புறப்பாட்டிலிருந்து அடுத்த இறக்கம் வரை ஒரு லெக்) 50 நாட்டிகல் மைலுக்குக் குறைவு.

மோடெஸ்டோவில் இறங்கித் திரும்புவது.

மெர்சிட்டில் மூன்று அப்ரோச் (கருவி வழியாக ஓடுபாதையை நெருங்குவது), மூன்றிலும் மிஸ்டு (இறங்காமல் மறுபடி மேலேறுவது), தரை தொடாமல் திரும்புவது.

பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பிஐசி எழுதுவது.

தெரிந்தவர்கள் விதி எண்ணோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

தெற்குக்காற்று:
தம்பி, முதலில் 61.1-ஐ எடுத்து க்ராஸ் கன்ட்ரி நேரம் என்ற பகுதியை முழுவதும் படியுங்கள். அங்கே இருப்பது ஒரே இலக்கணம் இல்லை. எந்தத் தேவைக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து அளவுகோல் மாறுகிறது. குழப்பம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் வருவது பொது இலக்கணம். பைலட் சான்றிதழ் உள்ளவர், விமானத்தில், புறப்பட்ட இடம் அல்லாத வேறோர் இடத்தில் இறங்க வேண்டும்; அங்கே போய்ச் சேர ஏதாவது ஒரு வழிகாட்டு முறையைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். தூரக் கணக்கே இல்லை. 16 மைல் (இங்கே மைல் என்பதெல்லாம் நாட்டிகல் மைல்) தள்ளியிருக்கும் பாலோ ஆல்டோவில் இறங்கினாலும் இதன்படி க்ராஸ் கன்ட்ரிதான். பலர் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே பத்தியில் கூட்டிவிடுகிறார்கள்.

அடுத்த உட்பிரிவுதான் உங்களுக்கானது. பிரைவேட், கமர்ஷியல், இன்ஸ்ட்ருமென்ட் ஆகியவற்றின் அனுபவத் தேவைக்குக் கணக்கு காட்ட, முதலில் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 நாட்டிகல் மைலுக்கு மேல் உள்ள ஓர் இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். மூன்று சொற்களைக் கவனியுங்கள்: மேல், நேர்கோடு, முதலில் புறப்பட்ட இடம். சரியாக 50.0 போதாது. வளைந்து வளைந்து 80 மைல் பறந்து 45 மைல் தள்ளி இறங்கினாலும் போதாது. ஒவ்வொரு லெக்கும் 50-ஐத் தாண்ட வேண்டும் என்று விதி எங்கும் கேட்கவில்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ரீட்-ஹில்வியூவிலிருந்து சலினாஸ் சுமார் 41 மைல். சலினாஸிலிருந்து கிங் சிட்டி சுமார் 35. ஆனால் கிங் சிட்டி, ரீட்-ஹில்வியூவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 74 மைல். ஆகவே கிங் சிட்டியில் இறங்கிய பறப்பு முழுவதும், சலினாஸ் லெக்கும் சேர்த்து, க்ராஸ் கன்ட்ரி. இடையில் எஞ்சினை அணைத்துவிட்டு நின்ற நேரத்தை மட்டும் சேர்க்காதீர்கள். விமானம் பறக்கும் நோக்கத்தோடு சொந்த எஞ்சினில் நகரத் தொடங்கியதிலிருந்து இறங்கி நிற்கும் வரைதான் பறப்பு நேரம்.

மோடெஸ்டோ சுமார் 45 மைல், அதனால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குச் செல்லாது. அதே திசையில் இன்னும் கொஞ்சம் போய் மெர்சிட்டில் இறங்கினால் சுமார் 62, செல்லும். வாடகை வித்தியாசம் சிறியது. கணக்கில் கிடைப்பது முழுப் பறப்பு.

மெர்சிட்டில் இறங்காமல் மிஸ்டு மட்டும் செய்துவிட்டு வந்தால் இந்த ரேட்டிங்குக்குப் பூஜ்யம். இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சியில் பலரும் இழக்கும் மணி நேரம் இதுதான், ஏனென்றால் அப்ரோச் பயிற்சி என்றாலே மிஸ்டு செய்து அடுத்ததற்குப் போவதுதான் வழக்கம். கடைசி அப்ரோச்சிலாவது சக்கரம் தரையில் படட்டும். டச் அண்ட் கோ (தரை தொட்டு, நிற்காமல் உடனே மேலேறுவது) போதும். இங்கே முழுதாக நிற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

நான்காவதற்கு வேறொருவர் விரிவாகச் சொல்வார். சுருக்கமாக: எழுதலாம், ஆனால் அந்த விமான வகைக்கு ரேட்டிங் பெற்ற நாளுக்குப் பிறகு மட்டுமே.

கலங்கரை:
நான்காவதை எடுத்துக்கொள்கிறேன். 61.51-இன் பிஐசி பகுதிப்படி, ரேட்டிங் உள்ள விமானத்தில் கட்டுப்பாட்டை நீங்கள் ஒருவரே கையாளும் நேரத்தை பிஐசி என்று எழுதலாம், பயிற்சியாளர் பக்கத்தில் இருந்தாலும். அதே நேரம் டூயல் (பயிற்சியாளரோடு பறந்தது) பத்தியிலும் ஏறும். ஆகவே இன்ஸ்ட்ருமென்ட் பயிற்சிப் பறப்புகளையே 50 மைலுக்கு அப்பால் அமைத்தால் ஹூட் நேரம் (வெளியே தெரியாதபடி மறைப்பு அணிந்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது), டூயல், க்ராஸ் கன்ட்ரி பிஐசி மூன்றும் ஒரே வாடகையில் சேரும். பார்ட் 61-இல் படிப்பவர் செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சான்றிதழுக்கு முன்னால் நடந்ததில் இரண்டு வகை உண்டு. பயிற்சியாளரோடு போன க்ராஸ் கன்ட்ரி பிஐசி ஆகாது. அப்போது உங்களுக்கு ரேட்டிங் இல்லை. சோலோவாகப் போனது பிஐசி ஆகும்: மாணவர் தனியாக இருந்து, சோலோ எண்டார்ஸ்மென்ட்டும் (பயிற்சியாளர் கையெழுத்திட்ட அனுமதி) இருந்தால் 61.51 அனுமதிக்கிறது. பிரைவேட்டுக்கான 5 மணி நேர சோலோ க்ராஸ் கன்ட்ரி அப்படியே 50-இல் சேரும். பலர் இதை விட்டுவிட்டு 50-ஐப் புதிதாக எண்ணத் தொடங்குகிறார்கள்.

50-இல் 10 மணி நேரமாவது ஏரோபிளேனில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் இந்த வரி உறைக்கும். சிமுலேட்டர், ஏஏடிடி (தரையில் இருக்கும் பயிற்சிக் கருவி) எதுவும் க்ராஸ் கன்ட்ரி ஆகாது. அதில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சியாட்டில் வரை போனாலும் நகர்ந்தது விமானம் இல்லை.

பிரைவேட்டையும் இன்ஸ்ட்ருமென்ட்டையும் ஒன்றாகச் செய்கிறவர்களுக்கு 61.65-இல் ஒரு சலுகை உண்டு: பயிற்சியாளரோடு பிஐசி கடமைகளைச் செய்துகொண்டு பறந்த க்ராஸ் கன்ட்ரியில் 45 மணி நேரம் வரை வரவு வைக்கலாம். நீலவானத்துக்கு இது பொருந்தாது, பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வால்காற்று:
தெற்குக்காற்று அண்ணா, ஒரு சந்தேகம். சலினாஸில் இறங்கியதும் அந்தப் பறப்பு முடிந்துவிட்டதாகத்தானே அர்த்தம்? சலினாஸிலிருந்து கிங் சிட்டி 35 மைல் மட்டும். அப்படியானால் புறப்பட்ட இடம் சலினாஸ் இல்லையா?

தெற்குக்காற்று:
இல்லை. அதற்காகத்தான் விதியில் "முதலில்" என்ற சொல் இருக்கிறது. எஃப்ஏஏவின் தலைமைச் சட்ட ஆலோசகர் அலுவலகம் 2009-இல் கொடுத்த விளக்கக் கடிதம் இதைத் தெளிவாக்கியது: ஒரு க்ராஸ் கன்ட்ரியில் பல லெக் இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட லெக் 50-ஐத் தாண்ட வேண்டியதில்லை, ஆனால் இறங்கிய இடங்களில் ஒன்றாவது முதல் புறப்பாட்டிலிருந்து 50-க்கு மேல் இருக்க வேண்டும். எது ஒரு பறப்பு என்று வகுப்பது பைலட்டின் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு இரண்டு பக்கமும் வெட்டும். பாலோ ஆல்டோ ரீட்-ஹில்வியூவிலிருந்து சுமார் 16 மைல். பாலோ ஆல்டோவிலிருந்து சலினாஸ் சுமார் 54 மைல். ரீட்-ஹில்வியூவிலிருந்து புறப்பட்டு, பாலோ ஆல்டோவில் இறங்கி, பிறகு சலினாஸ் போனால், முழுவதையும் ஒரே பறப்பாக எழுதும்போது தூரம் 41 தான், க்ராஸ் கன்ட்ரி இல்லை. ஆனால் விமானத்தை முதலில் பாலோ ஆல்டோவுக்கு இடம் மாற்றி அதைத் தனி வரியாக முடித்துவிட்டு, அங்கிருந்து சலினாஸுக்கு ஒரு க்ராஸ் கன்ட்ரியைத் தொடங்கினால், இரண்டாவது வரி செல்லும். திரும்பி ரீட்-ஹில்வியூவுக்கு வரும் லெக்கும் அந்த இரண்டாவது பறப்பின் பகுதிதான். முதல் 16 மைல் செல்லாது.

ஓடுபாதை31:
இதை நான் முழுமனதாக ஏற்கவில்லை. கடிதம் இடம் கொடுக்கிறது, சரி. ஆனால் பாலோ ஆல்டோவில் ஒரு டச் அண்ட் கோ அடித்துவிட்டு "இடம் மாற்றினேன்" என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே நிற்கவே இல்லை, ஒரு வேலையும் இல்லை, பறப்புத் திட்டமும் ரீட்-ஹில்வியூவிலிருந்து தொடங்குகிறது. செக்ரைடில் (ரேட்டிங்குக்கான பறப்புத் தேர்வில்) எக்ஸாமினர் அந்தத் திட்டத்தைக் கேட்டால் இரண்டும் பொருந்தாது. பறப்பதற்கு முன்பே பிரித்துத் திட்டமிட்டது வேறு, பறந்து முடித்தபின் லாக்புக்கில் பிரித்தது வேறு. 50-க்கு மேல் விமான நிலையங்கள் தாராளமாக இருக்கும் கலிபோர்னியாவில் இந்த வித்தைக்குத் தேவையே இல்லை.

தெற்குக்காற்று:
டச் அண்ட் கோ பற்றி நீங்கள் சொல்வது சரி. இடம் மாற்றியது என்றால் அங்கே நின்று, குறிப்பில் காரணத்தோடு தனி வரி இருக்க வேண்டும். ஒரு மாணவரை ஏற்றிக்கொள்ளவோ எரிபொருளுக்காகவோ போனது போல உண்மையான காரணம் இருக்கட்டும்.

முகில்வழி:
தூரம் அளப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம்.

கூகுள் மேப்பில் அளந்தால் அமெரிக்காவில் தரை மைல் காட்டும். 50 நாட்டிகல் மைல் என்பது சுமார் 57.5 தரை மைல். "55 மைல், தாராளம்" என்று போய் இறங்கிய இடம் உண்மையில் 47.8 நாட்டிகல் மைலாக இருக்கும். ஸ்கைவெக்டரிலோ ஃபோர்ஃப்ளைட்டிலோ விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். திட்டத்தில் நடுவே வழிப்புள்ளி இருந்தால் அந்தச் செயலி வழித்தடத்தின் மொத்தத் தூரத்தைக் காட்டும், நேர்கோட்டை அல்ல. வழிப்புள்ளிகளை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். 51, 52 என்று ஒட்டி வருவதைத் தவிர்ப்பது நல்லது. எக்ஸாமினர் பிளாட்டரை வைத்து சார்ட்டில் அளக்கும்போது அரை மைல் வித்தியாசத்துக்கு வாதாட வேண்டி வரும்.

அதனால்தான் மேலே சொன்ன சலினாஸ், கிங் சிட்டி முக்கோணத்தை மாணவர்களின் நீண்ட சோலோவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பிரைவேட்டுக்கு 61.109 கேட்பது மொத்தம் 150 மைல், மூன்று இடங்களில் முழுதாக நிற்கும் லேண்டிங், ஒரு லெக்காவது 50-க்கு மேல். இந்த முக்கோணத்தின் கூட்டல் 41, 35, 74. தசமத்தோடு கூட்டினால் 150-ஐ ஒரு மைல் அளவுக்குக்கூடத் தாண்டாது. காகிதத்தில் சரி, ஆனால் அளவுகோல் சற்று நகர்ந்தாலும் தகராறு. கிங் சிட்டிக்குப் பதிலாகப் பாசோ ரோபிள்ஸ் வைத்தால் அது ஒரு பக்கமே சுமார் 115 மைல், கேள்விக்கே இடமில்லை. நிற்காமல் டச் அண்ட் கோ செய்துவிட்டு வருவது இந்தச் சோலோவை வீணாக்கும் இன்னொரு வழி.

மாணவர்களுக்கு 25 மைல் என்று ஓர் எண் அடிக்கடி காதில் விழும். 61.93-இன்படி 25 மைலுக்கு அப்பால் சோலோ போகத் தனிப் பயிற்சியும் எண்டார்ஸ்மென்ட்டும், ஒவ்வொரு பறப்புக்கும் திட்டத்தைப் பயிற்சியாளர் பார்த்துக் கையெழுத்திடுவதும் வேண்டும். அது அனுமதிக்கான எல்லை. மணிக்கணக்குக்கான எல்லை 50 தான். 30 மைல் சோலோவுக்கு எண்டார்ஸ்மென்ட் வாங்கியிருந்தாலும் 5 மணி நேரத்தில் அது சேராது. கணக்கிலும் 25 வருவது ஹெலிகாப்டருக்கும் ஸ்போர்ட் பைலட்டுக்கும்.

நீலவானம்:
மிக்க நன்றி, முதல் நான்கும் தெளிவாகிவிட்டன. நண்பர் ஒருவரும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு மணி சேர்க்கிறார். ஒருவர் ஹூட் போட, மற்றவர் சேஃப்டி பைலட்டாக (அவருக்காக வெளியே கவனிக்கும் விமானியாக) இருந்து, பாசோ ரோபிள்ஸ் போய் வந்தால் இருவருக்கும் க்ராஸ் கன்ட்ரி கிடைக்குமா? வாடகையைப் பாதியாகப் பிரிக்கலாம் என்று எண்ணம்.

கலங்கரை:
ஒரே லெக்குக்கு இருவருக்கும் கிடைக்காது. சேஃப்டி பைலட் தேவைப்படுவது மற்றவர் ஹூட்டில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். புறப்படும்போதும் இறங்கும்போதும் ஹூட் இல்லை, அப்போது அவர் கட்டாயக் குழு உறுப்பினர் இல்லை, வெறும் பயணி. புறப்பாடு, வழி, இறக்கம் எல்லாவற்றிலும் இருந்தவரே க்ராஸ் கன்ட்ரி எழுதலாம் என்று எஃப்ஏஏவின் 2009 கடிதங்கள் சொல்கின்றன. ஹூட் நேரத்துக்கு, பறப்பின் பிஐசியாகப் பொறுப்பேற்க இருவரும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தால், சேஃப்டி பைலட் பிஐசி எழுதலாம். க்ராஸ் கன்ட்ரி மட்டும் கிடையாது. ஹூட் போட்டவர் சேஃப்டி பைலட்டின் பெயரை லாக்புக்கில் எழுத வேண்டும், அது 61.51 கேட்பது.

வாடகையைப் பிரிக்கச் சரியான வழி, லெக்கைப் பிரிப்பது. போகும்போது ஒருவர், பாசோ ரோபிள்ஸில் இருக்கை மாறி வரும்போது மற்றவர். ஒவ்வொருவருக்கும் தன் லெக் புறப்பட்ட இடத்திலிருந்து 115 மைல், இருவருக்கும் செல்லும். லெக்கைப் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ரீட்-ஹில்வியூ முதல் சலினாஸ் வரை ஒருவர், சலினாஸ் முதல் கிங் சிட்டி வரை மற்றவர் என்று பிரித்தால் இருவருக்குமே ஒன்றும் இல்லை. தனியாகப் பறந்தபோது செல்லுபடியான அதே பாதை, ஆள் மாறியதும் 41-ம் 35-ம் ஆகிவிடுகிறது.

ஓடுபாதை31:
அடுத்து கமர்ஷியலுக்கு வருவீர்கள், அதையும் இப்போதே மனதில் வையுங்கள். மணி சேர்ந்த பிறகு 61.129-ஐப் படிக்கிறவர்கள் இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

அங்கும் 50 மணி நேரம் க்ராஸ் கன்ட்ரி பிஐசி, அதே 50 மைல் இலக்கணம். இன்ஸ்ட்ருமென்ட்டுக்குச் சேர்த்தது அப்படியே செல்லும். சிக்கல் தனிப் பறப்புகளில்தான்.

நீண்ட க்ராஸ் கன்ட்ரி: மொத்தம் 300 மைலுக்குக் குறையாமல், குறைந்தது மூன்று இடங்களில் இறக்கம், அதில் ஒன்று முதல் புறப்பாட்டிலிருந்து நேர்கோட்டில் குறைந்தது 250 மைல். சாண்டா பார்பரா போய் வந்தால் மொத்தம் 400-ஐ நெருங்கும், அதனால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது ரீட்-ஹில்வியூவிலிருந்து சுமார் 199 மைல்தான், செல்லாது. டாரன்ஸ் சுமார் 270, செல்லும். போகும்போதோ வரும்போதோ பாசோ ரோபிள்ஸில் எரிபொருள் நிரப்பினால் மூன்றாவது இறக்கமும் ஆயிற்று. 172-இல் சுமார் ஐந்து மணி நேரப் பறப்பு. லாஸ் ஏஞ்சலஸ் வகுப்பு பி வான்வெளிக்குக் (பெரிய விமான நிலையத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டு வான்வெளி) கீழே போக வேண்டியிருப்பதால் அந்தப் பகுதியின் டெர்மினல் ஏரியா சார்ட்டோடு திட்டமிடுங்கள். ஹவாயில் மட்டும் 250-க்குப் பதில் 150. தீவுகளின் நீளம் அவ்வளவுதான்.

இந்தப் பறப்பு சோலோவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிகாரம் பெற்ற பயிற்சியாளரோடு பிஐசி கடமைகளைச் செய்ததாக இருக்க வேண்டும். சோலோ என்றால் விமானத்தில் வேறு யாருமே இல்லை. மனைவியையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு டாரன்ஸ் போய் வந்தால் அது அருமையான பயணம், 50 மணி நேரத்திலும் சேரும், ஆனால் இந்தத் தேவையை நிறைவு செய்யாது. கமர்ஷியல் செக்ரைடு நின்றுபோகும் காரணங்களில் இது முதல் வரிசையில் இருக்கிறது.

பிறகு பயிற்சியாளரோடு இரண்டு மணி நேரப் பறப்புகள் இரண்டு, ஒன்று பகலில், ஒன்று இரவில், இரண்டும் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 100 மைலுக்கு மேல். பாசோ ரோபிள்ஸ் இதற்குச் சரியான தூரம். 110 நாட்டில் போய் வர டாக்ஸியோடு 2.2, 2.3 வரும். 140 நாட் போகும் விமானத்தை எடுத்தால் அதே பறப்பு 1.8-இலேயே முடிந்துவிடும், அப்போது தூரம் சரி, நேரம் தோற்றது. வேகமான விமானம் என்றால் இடத்தைத் தள்ளி வையுங்கள். இரவு என்பது 1.1-இன்படி மாலை சிவில் ட்விலைட் (சூரியன் மறைந்தபின் நீடிக்கும் அந்தி வெளிச்சம்) முடிந்தபின். சூரியன் மறைந்த நேரம் இல்லை. ஜூன் மாதம் சான் ஹோசேயில் அது இரவு 9 மணி வாக்கில்தான் வரும். ஏழரைக்குக் கிளம்பினால் போகிற லெக் முழுவதும் பகல் கணக்கு.

குறிப்புப் பத்தியில் பயிற்சியாளர் "61.129 இரவு க்ராஸ் கன்ட்ரி" என்று எந்தத் தேவைக்கானது என எழுதிக் கையெழுத்திடட்டும். "டூயல், லோக்கல்" என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து யாராலும் நிரூபிக்க முடியாது.

முகில்வழி:
இன்ஸ்ட்ருமென்ட்டுக்கும் ஒரு தனிப் பறப்பு உண்டு: பயிற்சியாளரோடு, ஐஎஃப்ஆர் (கருவி வழிப் பறப்பு விதி) திட்டம் தாக்கல் செய்து, ஏர்வே வழியாகவோ ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) சொன்ன வழியிலோ 250 மைல், ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஓர் அப்ரோச், மொத்தம் மூன்று வெவ்வேறு வகை அப்ரோச். ஐஎல்எஸ், விஓஆர், ஆர்நாவ் என்று மூன்றையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தரையிலுள்ள வானொலி நிலையத்தை நம்பும் விஓஆர் அப்ரோச்சுகள் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருகின்றன, நிலையமே பழுதில் இருக்கலாம்; கிளம்பும் அன்று காலை நோட்டாம் (NOTAM, விமானிகளுக்கான அறிவிப்பு) பாருங்கள். வழியில் ஏடிசி குறுக்குவழி கொடுத்தால் 260 மைல் திட்டம் 240 ஆகிவிடும். 280-க்குத் திட்டமிட்டால் அந்தக் கவலை இல்லை.

வால்காற்று:
ஏர்லைனுக்குப் போகிறவர்களுக்கு 500 மணி நேரம் க்ராஸ் கன்ட்ரி என்கிறார்கள். அதற்கும் இறங்கத்தான் வேண்டுமா?

தெற்குக்காற்று:
வேண்டாம். ஏடிபிக்கு (ஏர்லைன் விமானிச் சான்றிதழ்) 61.1-இல் தனி உட்பிரிவு: புறப்பட்ட இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் போயிருந்தால் போதும், இறக்கம் கட்டாயமில்லை. மேலே நாம் தள்ளிவைத்த மெர்சிட் மிஸ்டு அப்ரோச் பறப்பு ஏடிபிக்குச் செல்லும். ஆனால் மோடெஸ்டோ இதற்கும் செல்லாது.

61.159 கேட்பது மொத்தம் 1500 மணி நேரம், அதில் க்ராஸ் கன்ட்ரி 500, இரவு 100, இன்ஸ்ட்ருமென்ட் 75, பிஐசி 250. 2009-இல் பஃபலோ அருகே நடந்த கோல்கன் 3407 விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால் 2013 முதல் ஏர்லைன் துணை விமானிக்கும் ஏடிபி கட்டாயமானது. கட்டுப்படுத்தப்பட்ட ஏடிபிக்கு, அதாவது 21 வயதில் 1500 மணியோடோ, தகுதியான கல்லூரி வழியில் 1000 அல்லது 1250 மணியோடோ, ராணுவ விமானியாக 750 மணியோடோ வருகிறவர்களுக்கு, க்ராஸ் கன்ட்ரி 200 போதும்.

பயிற்சியாளராக மணி சேர்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தினமும் சர்க்யூட்டும் பயிற்சிப் பகுதியும் மட்டும் பறந்தால் 1500 சீக்கிரம் நிறையும், 500 நிறையாது. மாணவரின் க்ராஸ் கன்ட்ரிப் பாடங்களை வேறு பயிற்சியாளருக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கு நடுவே பார்ட் 135 (சிறு வாடகை விமானச் சேவைகளுக்கான விதி) வேலை தேடுகிறவர்களுக்கு: விஎஃப்ஆர் (வெளியே பார்த்துப் பறக்கும் விதி) பிஐசிக்கு 500 மணி நேரத்தில் க்ராஸ் கன்ட்ரி 100, அதில் 25 இரவில். ஐஎஃப்ஆர் பிஐசிக்கு 1200-இல் 500. அங்கே பொது இலக்கணம்தான், 50 மைல் வேண்டியதில்லை, வேறிடத்தில் இறங்கினால் போதும். மோடெஸ்டோவும் பாலோ ஆல்டோவும் உயிர் பெறுவது இங்கேதான்.

ஆகவே தம்பி, லாக்புக்கில் மூன்று பத்தி வைத்துக்கொள்ளுங்கள். வேறிடத்தில் இறங்கிய எல்லாம் ஒன்று. 50-க்கு மேல் இறங்கியது ஒன்று. 50-க்கு மேல் போனது, இறங்கினாலும் இறங்காவிட்டாலும், ஒன்று. மின்னணு லாக்புக்கில் பெரும்பாலும் தனிப் பத்தி சேர்க்க முடியும். காகிதத்தில் தலைப்பு இல்லாத காலிப் பத்திகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர் எழுதினால் போதும்.

சென்னைரேடியோ:
பயிற்சி முடித்து இந்தியா திரும்பி டிஜிசிஏ (இந்திய விமானத்துறை அமைப்பு) சிபிஎல்லாக (கமர்ஷியல் பைலட் உரிமம்) மாற்றப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கலங்கரை சொன்ன "கட்டுப்பாட்டைக் கையாண்டால் பிஐசி" என்ற கணக்கு அமெரிக்க விதி. இந்தியாவில் பயிற்சியாளரோடு பறந்தது டூயல்தான், பிஐசி இல்லை. சேஃப்டி பைலட்டாக எழுதிய பிஐசியையும் நம்பி வராதீர்கள். சிபிஎல்லுக்கு 200 மணி நேரத்தில் 100 பிஐசி, அதில் 20 க்ராஸ் கன்ட்ரி. அதில் ஒன்று 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், வழியில் இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுதாக நிற்கும் லேண்டிங்கோடு. இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு 50 மணி நேரம் க்ராஸ் கன்ட்ரி பிஐசி. அந்த 50-இல் பாதி பயிற்சியாளர் பக்கத்தில் இருந்த நேரம் என்றால் இங்கே வந்து மறுபடி பறக்க வேண்டி வரும், அமெரிக்காவைவிட அதிக வாடகையில்.

அங்கே இருக்கும்போதே பயிற்சியாளர் இல்லாமல் பறந்த க்ராஸ் கன்ட்ரியை மட்டும் தனியாகக் கூட்டி வையுங்கள். அந்த 300 மைல் பறப்பை அமெரிக்கக் கமர்ஷியலின் நீண்ட சோலோவோடு சேர்த்துவிடலாம். எல்லா இடத்திலும் டச் அண்ட் கோ இல்லாமல் முழுதாக நின்று புறப்பட்டால் இரண்டு நாட்டுக் கணக்கும் ஒரே பறப்பில் முடியும். அந்தப் பறப்பில் மட்டும் பயிற்சியாளரை ஏற்ற வேண்டாம்.

நீலவானம்:
சென்னைரேடியோ அண்ணா, இது யாரும் சொல்லாதது. கடைசியாக ஒன்று: பழைய பக்கங்களில் 50-க்குக் குறைவானவையும் க்ராஸ் கன்ட்ரிப் பத்தியில் கூட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது?

ஓடுபாதை31:
ஒயிட்னர் போடாதீர்கள், பக்கத்தைத் திரும்ப எழுதாதீர்கள். தவறான எண்ணின் மேல் ஒரே கோடு, பழைய எண் படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் சரியான எண், தேதி, சுருக்கொப்பம். பல பக்கம் என்றால் அடுத்த காலி வரியில் "க்ராஸ் கன்ட்ரி மொத்தம் திருத்தம்" என்று எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்தப் பறப்புகள் பொது இலக்கணப்படி க்ராஸ் கன்ட்ரிதான், அதனால் அவை அழியவில்லை, வேறு பத்திக்குப் போகின்றன. திருத்தத்தை எந்த எக்ஸாமினரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. தெரிந்தே பொய்யாக எழுதுவதுதான் 61.59-இல் வரும், அதற்கு எல்லாச் சான்றிதழும் போகும்.

61.51 கேட்கும் தகவலில் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் இருப்பதால் பழைய பறப்புகளை மறுபடி எடைபோட முடியும். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தேதி, பாதை, மிகத் தொலைவில் இறங்கிய நிலையம், அதன் நேர்கோட்டுத் தூரம், நேரம், உடன் பயிற்சியாளர் இருந்தாரா என்று வரிசையாகப் போடுங்கள். ஐயாக்ராவில் (எஃப்ஏஏவின் இணைய விண்ணப்பத் தளம்) விண்ணப்பிக்கும்போது அந்தக் கூட்டலையே எழுதுங்கள். லாக்புக்கில் தேவைக்கான பறப்புகள் இருக்கும் பக்கங்களில் ஒட்டுச்சீட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் விதி எண் எழுதிவிடுங்கள். "ரீட்-ஹில்வியூ முதல் ரீட்-ஹில்வியூ வரை" என்று மட்டும் எழுதி நடுவில் இறங்கிய இடத்தை விட்டுவிட்ட வரிகள் இருந்தால், வாடகை ரசீது, எரிபொருள் ரசீது, பழைய பறப்புத் திட்டம் எதிலாவது அந்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த மணி நேரத்தை விட்டுவிடுங்கள், மெர்சிட் வரை இன்னொரு முறை போய் வந்தால் ஈடாகிவிடும்.